எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு வாங்குவது?

கேள்வி: கொலராடோவில் வசிக்கிறேன். அக்டோபரில் அலுவலக நண்பர்களோடு முதல் முறையாக எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். வேட்டைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். கையில் .30-06 என்ற தோட்டா அளவுக்கான ரைஃபிள் இருக்கிறது. கடையில் இதற்கே ஏகப்பட்ட தோட்டா வகைகள், விலையும் இரண்டு மூன்று மடங்கு ஏறி இறங்குகிறது. இலக்குப் பயிற்சிக்கு வாங்கிய மலிவான தோட்டாவே போதாதா?

பதில்: போதாது. குண்டு என்பது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி. பயிற்சித் தோட்டாக்களில் பெரும்பாலும் முழுக்க உலோக உறை போட்ட குண்டுதான் இருக்கும். அது விரியாது. ஊசி குத்தியதுபோல் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். காயத்தோடு ஓடும் மான் எங்கோ புதருக்குள் கிடந்து துடிக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். கொலராடோ சட்டமும் எல்க்குக்கு விரியும் குண்டைத்தான் கேட்கிறது: எடை குறைந்தது 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்), 100 கெஜத்தில் குறைந்தது 1,000 அடி-பவுண்டு ஆற்றல். உங்கள் .30-06 இதைத் தாராளமாகத் தாண்டும். ஆகவே துப்பாக்கி சரி, பார்க்க வேண்டியது குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். பக்கவாட்டு உடம்பை நமக்குக் காட்டி நின்றால் சாதாரண ஈயக் குண்டும் நுரையீரலை எட்டிவிடும். ஆனால் கொஞ்சம் திரும்பி நின்றால் தோள் எலும்பு குறுக்கே வரும், அங்கே மென்மையான குண்டு சிதறிப்போகலாம். 1946 இல் கனடாவில் ஜான் நாஸ்லர் என்பவருக்கு இதுதான் நடந்தது. மூஸ் மானின் உடம்பில் அப்பியிருந்த சேற்றைத் தாண்டி அவர் சுட்ட குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. அதன் பிறகு அவர் செய்ததுதான் ‘பார்ட்டிஷன்’: நடுவில் ஒரு தடுப்பு, முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். இன்றும் நம்பி வாங்கலாம். உறையோடு ஈயத்தைப் பற்றவைத்த ‘பாண்டட்’ வகையும் நல்லதே. இந்த இரண்டில் 165 அல்லது 180 கிரெய்ன் எடுங்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால், என் தேர்வு முழுச் செம்புக் குண்டு. ஈயக் குண்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றி இறைச்சியில் கலந்துவிடும். செம்பில் அந்தப் பயம் இல்லை. மானிலிருந்து எடுத்த ஒரு செம்புக் குண்டு என் மேசையில் இருக்கிறது. முனை பிளந்து உண்டான நான்கு இதழும் பின்னால் மடங்கி, ஒன்றுகூட ஒடியாமல், பத்து சென்ட் காசைவிடச் சற்றே சிறிய பூவாக. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதனால் குண்டு நீளமாகும், 150 முதல் 168 கிரெய்ன் போதும். ஒன்று மட்டும் கவனம்: வேகம் குறைந்தால் இதழ் சரியாக விரியாது. முதல் வேட்டையில் 250 கெஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள்.

அப்புறம், வாங்கும் முறை. பெட்டியில் எழுதியிருக்கும் தோட்டா அளவும் குழலில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் தோட்டாவைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி உங்கள் ரைஃபிளிலேயே சுட்டுப் பாருங்கள். ஒரு குழலுக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது. எந்த வகையின் குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழுகின்றனவோ அதில் ஒரே லாட் எண் உள்ள (ஒரே தொகுப்பில் செய்த) பெட்டிகள் இன்னும் இரண்டு வாங்கி, அதை வைத்தே ரைஃபிள் மேலுள்ள தொலைநோக்கியைச் சரிசெய்யுங்கள். இதைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். சீசன் நெருங்கிவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்த வகை கடையில் இல்லாமல் போகலாம்.