என் வயல்வெளிப் படங்கள் ஏன் வெளிறித் தெரிகின்றன? எடிட் செய்து நிறம் ஏற்றுவது ஏமாற்று வேலையா?

ஏமாற்று வேலை இல்லை. இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் படங்களுக்குக் கீழேயும் "எல்லாம் எடிட்டிங்" என்று யாராவது எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நீங்கள் ஆட்டோ மோடில், ஜேபெக்காக (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிக் கொடுக்கும் கோப்பு) எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் திருவையாற்றுப் பக்கம். எங்கள் டெல்டாவில் மலையும் கிடையாது, மேடும் கிடையாது. வயலை எடுத்தால் பாதிப் படம் வானம்தான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானத்தைக் கணக்கில் எடுத்தால் வயல் கருத்துப்போகும், வயலை எடுத்தால் வானம் வெளுத்துவிடும். அடியோடு வெளுத்த வானத்தில் பதிவே இருக்காது; வேறு வானத்தை வெட்டி ஒட்டலாம், அவ்வளவுதான்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, குடமுருட்டிக் கரையோரம் சம்பா வயல். காற்றில் தூசியே இல்லை. ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது), ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்தேன். கூட வந்த நண்பன் திரையைப் பார்த்துவிட்டு "இருட்டா இருக்குடா, வேஸ்ட்" என்றான். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 வெளிச்சப் படிகள் உண்டு, ஜேபெக்கில் 256தான். வீட்டுக்கு வந்து ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை, ஏற்றியதும் பச்சை எழுந்து வந்தது. ஈர இலைகளின் பளபளப்பை லென்ஸில் மாட்டியிருந்த போலரைசர் ஃபில்டர் அங்கேயே குறைத்திருந்தது.

சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, தொடவே இல்லை. நெற்பயிரின் பச்சை பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடருக்குள்தான் கிடக்கும்; அந்த மஞ்சளின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். படத்தைப் பார்த்த பெரியப்பா, "தொண்டைக்கதிர் வந்துடுச்சே" என்றார்; கதிர் வெளியே வருமுன் தண்டுக்குள் இருக்கும் பருவம் அது. பயிரின் பருவம் வரைக்கும் படத்தில் தெரிந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. அதே பெரியப்பா இணையத்தில் சுற்றிய வேறொரு படத்தைப் பார்த்து, "யூரியாவை அள்ளிக் கொட்டிட்டானா?" என்று கவலையோடு கேட்டார். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகும். சாச்சுரேஷனை இழுத்துவிட்டாலும் அப்படித்தான் தெரியும்.

ஃபிலிம் காலத்தில் இதெல்லாம் உண்டா என்று ஒருவர் வருவார். உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா உதயப் படத்தின் வானத்தை, பின்னாளில் போட்ட பிரிண்டுகளில் இருட்டறையில் மேலும் மேலும் கருப்பாக்கினார்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். என் தங்கை மாநிறம். கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. படம் எடுத்தவர்களைக் கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் பண்றோம், யாரும் குறை சொன்னதில்லை" என்கிறார்கள். கேட்காமலே ஒரு பெண்ணின் நிறத்தை மாற்ற இவர்கள் யார்? அம்மா "விடுப்பா, கல்யாண வீட்டுல எதுக்குச் சண்டை" என்றார். நான் விடவில்லை, மறுபடி பிரிண்ட் போடவைத்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் எடுப்பவர் என்றால், ப்ரோ மோடில் ரா இருக்கிறதா என்று பாருங்கள். டிஎன்ஜி என்ற வகை ரா கோப்பை ஸ்னாப்சீட் செயலி திறக்கும். கணினியில் டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம். காசு கொடுத்து ப்ரீசெட் வாங்க வேண்டாம். வேறு ஏதோ ஊர் வெளிச்சத்துக்குச் செய்து வைத்த அளவுகள் நம் ஊர் வயலுக்குப் பொருந்தாது.