இரண்டு முறை வெள்ளைப் பூ வந்தும் மனம் ஆறவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 48 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகளுக்கு 20 வயது. பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம்மில் நல்ல புள்ளி எடுத்து, இப்போது கோத்தா கினபாலுவில் உள்ள சபா பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாலம் தாண்டினால் பினாங்குத் தீவிலேயே யுஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு விமானம் ஏறிப் போகிற ஊரையா எழுதிக் கொடுப்பது? விண்ணப்பத்தில் என்ன போட்டாள் என்று எனக்குக் காட்டவே இல்லை.

கணவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அப்பாவும் மகளும் கைப்பேசியில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டார்கள். காலையில் நான் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது சொல்கிறார். மாமியார், "பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புறியா?" என்கிறார். நாத்தனாரோ, "அண்ணி அவளை முன்னேற விடமாட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறார். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை குறைவில்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன். அங்கேதான் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் அனுப்பலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலத்தில் ஒன்றை, அங்கே வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னேன். வெள்ளைதான் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை முதலில் மற்றதைத் தொட்டுவிட்டு அப்புறம்தான் இதை எடுத்தது. அது உறுத்திக்கொண்டே இருந்ததால் மறுவாரமும் கட்டினேன். அப்போதும் வெள்ளை. அப்படியும் நிம்மதி இல்லை. குறியை நம்பி என்ன ஆகப்போகிறது? மூத்தவனுக்கு டெங்கி வந்தபோது, காய்ச்சல் இறங்கியதும் அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று கோயிலுக்கு ஓடிப்போய் நெய்விளக்கு ஏற்றினேன். மறுநாள் அவன் இல்லை. ஒன்பது வயது. அது பழைய கதை, விடுங்கள். தீட்டு கழிந்து வந்த முதல் தைப்பூசத்துக்கே மகளுக்காகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவள் நான். என் பக்தியை யாரும் குறை சொல்ல முடியாது.

மகள் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவர் என்னைக் கேட்காமல் செய்தது சரியா? கடவுளின் விருப்பம் தெரியாமல் நான் எப்படி அவளை அனுப்புவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

அன்புச் சகோதரி,

கணவர் உங்களைக் கேட்காமல் செய்தது தவறுதான். அதை அவரிடம் சொல்லுங்கள். மாமியார், நாத்தனார் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். 'அது பழைய கதை, விடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிட்டு என்னால் மேலே படிக்க முடியவில்லை.

டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பிள்ளை தேறிவிட்டது போலத் தெரியும். எந்தத் தாயும் சந்தோஷப்பட்டுத்தான் இருப்பாள். நீங்கள் விளக்கேற்றியதற்கும் அவன் போனதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், அம்மா. இத்தனை வருடமாக அந்த முடிச்சோடுதான் நீங்கள் கோயிலுக்குப் போய் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் வெள்ளைப் பூ இரண்டு முறை வந்தும் உங்களுக்குப் போதவில்லை. மூன்றாம் முறை வந்தாலும் போதாது. அனுப்பலாமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, 'இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்' என்று அம்மனிடம் கேட்கிறீர்கள். அந்தச் சத்தியத்தை எந்தத் தெய்வமும் எந்தத் தாய்க்கும் செய்து கொடுத்ததில்லை. பட்டர்வொர்த்திலேயே வைத்துக்கொண்டாலும் கிடைக்காது. உங்கள் மகன் சபாவுக்குப் போகவில்லையே. உங்கள் மடியில்தான் இருந்தான். இதை எழுத எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தீட்டு கழிந்த முதல் தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தீர்களே, அன்று பூக்கட்டிப் பார்த்துவிட்டா போனீர்கள்? 513 படி. தலையில் பால்குடம், சுற்றிலும் நெரிசல். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர், இன்னொரு பிள்ளைக்காக அதே கடவுளிடம் ஏறிப் போயிருக்கிறீர்கள். என்ன நடக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக அதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். இந்தக் கடிதத்தில் நம்பிக்கை என்று நான் கையெடுத்துக் கும்பிடுவது அதைத்தான். அன்று தெரியாமலேதானே நடந்தீர்கள்? இப்போதும் அப்படித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். அவள் விண்ணப்பத்தைக் காட்டவில்லை என்கிறீர்கள். காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் சேர்த்துப் பத்திரமாக இருக்க வேண்டிய பிள்ளையாகவே அவள் வளர்ந்திருக்கிறாள். அது அவள் வயதுக்கு மீறிய சுமை. உங்கள் பயத்துக்குக் கடவுள் பேரை வைத்து அவளை நிறுத்தினால், நாளைக்கு உங்கள் மேல் வருகிற கோபம் கடவுள் மேலும் வரும். அது வேண்டாம்.

பூக்கட்டுவதை இத்தோடு நிறுத்துங்கள், பதில் வந்துவிட்டது. மகளை உட்கார வைத்து, அவள் அண்ணனின் கடைசி நாட்களைச் சொல்லுங்கள். விளக்கேற்றப் போனதையும் சொல்லுங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும், அவரும் மகனைப் பறிகொடுத்தவர்தான். அழுகை வந்தால் மூவரும் அழுங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வராமல், அந்த நாளே திரும்பத் திரும்ப மனத்தில் ஓடினால் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.

டெங்கி சபாவிலும் உண்டு. காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் எதுவும் போடக் கூடாது, காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் ராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் நீங்களே அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் பதிவு நாளன்று நீங்களும் கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பினாங்கிலிருந்து நேர் விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான்.