மாலை போட்ட மூன்றாம் நாள்: போதையை நிறுத்துவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

போதை மீட்பு வார்டில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி, இப்போது காட்பாடியில் வசிக்கிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் மட்டும் வைத்திருக்கிறேன்; கேட்டவர்களின் பெயர் வேண்டாம்.

குடியாத்தம், ஒரு மனைவி: சிஸ்டர், என் கணவர் பீடித் தொழிலாளி. பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றே குடியை விட்டார். மறுநாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். தெய்வ குற்றம் என்கிறார் மாமியார். மூளை கலங்கிவிட்டதா?

தெய்வ குற்றமும் இல்லை, பைத்தியமும் இல்லை அம்மா. நெடுநாள் குடித்த உடலிலிருந்து மது திடீரென விலகும்போது வரும் நோய் இது. மது மூளையின் வேகத்தை அடக்கும். நாள்தோறும் அப்படி அடக்கப்படும் மூளை, அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ள, உள்ளிருப்பவர் முழு பலத்தோடு எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, வெளியே இருப்பவர் சட்டென்று விலகினால் உள்ளிருப்பவர் என்ன ஆவாரோ, அதுதான் மதுவை நிறுத்திய மூளைக்கும் நேர்கிறது.

கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். ஆறிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குக் காய்ச்சலோடு மனக்குழப்பம் வரும்; இடம் தெரியாது, பொழுது தெரியாது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்த நிலையில் கைகள் பழகிய தொழிலையே செய்வதை வார்டில் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றுகிறவர் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத இலையை மடியில் விரித்து, இல்லாத தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி முனையை மடக்குவார். கூப்பிட்டால் “கட்டு முடியட்டும்” என்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி அழுவார். ஆனால் மருந்து கொடுத்துக் கவனித்தால் பெரும்பாலும் சில நாள்களில் தெளிந்துவிடும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

ஆகவே வலிப்போ குழப்பமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் அபாயம் அதிகம் என்பதால், இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். மாலை போடுவதை நான் தடுக்கவில்லை. விரதத்தின் பலத்தில் குடியை விட்டவர்கள் பலரை அறிவேன். தினமும் குடிப்பவர் கார்த்திகைக்குப் பத்து நாள் முன்பே மருத்துவமனைக்கு வந்து, குளோர்டயஸெபாக்சைடு அல்லது டயஸெபாம் போன்ற மருந்தின் துணையோடு மதுவை நிறுத்திவிட்டு, உடல் தெளிந்தபின் மாலை போடட்டும்.

ஆம்பூர்: குடியை நிறுத்தினால் வரும் அசதிக்குத் தெருக்கோடி கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினால் போதாதா?

போதாது, சில நேரம் தீமையாகவும் முடியும். குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமினும் உடலில் சரியாகச் சேர்வதில்லை. குளுக்கோஸை எரிக்க அந்த வைட்டமின் தேவை. அது வறண்ட உடலில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, நடை தள்ளாடி, கண் அசைவு கெட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். தயமின் ஊசியை முதலில், அல்லது குளுக்கோஸோடு சேர்த்தாவது போட வேண்டும். “இவர் தினமும் குடிப்பவர், பி1 ஊசி போட்டீர்களா” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆற்காடு: குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாம். கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. நீங்கள் சொல்வது டைசல்ஃபிரம் ஆக இருக்கலாம். அது உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால், மது சிதைந்து உண்டாகும் நச்சு வெளியேற முடியாமல் தேங்கும். அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை இந்த அபாயம் இருக்கிறது. தானே விரும்பி, விளைவைத் தெரிந்துகொண்டு, வீட்டார் முன்னிலையில் விழுங்குகிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் அது விஷம். விளம்பரத்தில் வரும் பெயரில்லாப் பொடிகளுக்கும் இதே பதில்தான்.

வேலூர், ஒரு தந்தை: கல்லூரியில் படிக்கும் என் மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். நிறுத்தினால் துடிக்கிறான். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்கு வருமா?

ஐயா, அந்தத் துடிப்பு நடிப்பல்ல. டபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்பவை. நிறுத்திய முதல் நாளிலேயே மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பெல்லாம் வலிக்கும், பேதியாகும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இதனால் உயிர் போவது அரிது. அதற்குப் பின்னால் வரும் ஆபத்துதான் பெரிது. சில வாரம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். வீட்டு அறையில் பூட்டிவைத்துத் தெளியவைத்த பிள்ளைகள் சிலரை இப்படித்தான் இழந்திருக்கிறோம். நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் என்ற மருந்து இந்த ஆபத்தைக் குறைக்கிறது. அதை நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கலாம், அதைக் குறையாக எண்ணாதீர்கள். மாத்திரையைக் கரைத்து ஏற்றியிருப்பதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனையும் அவசியம்.

சிகிச்சைக்கு வந்தவரைக் காட்டிக்கொடுப்பது மருத்துவமனையின் வேலை அல்ல. கஞ்சா, ஹெராயின் போன்றவற்றைச் சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கு வந்திருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

வாணியம்பாடி: என் தம்பி ஷூ ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் நனைத்து முகர்கிறான். வயது பதினாறு.

அந்தப் பசையிலுள்ள கரைப்பான்கள் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். முதல் முறை முகர்ந்தவர்கள்கூட நின்ற இடத்தில் விழுந்து இறந்ததுண்டு. முகர்ந்துகொண்டிருக்கும் பையனைத் துரத்தவோ திடுக்கிட வைக்கவோ கூடாது. காற்றோட்டமான இடத்துக்கு மெதுவாக அழைத்து வந்து உட்கார வையுங்கள். இந்தப் பழக்கத்துக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. அவன் பள்ளியை விட்டுவிட்டு ஷூ ஒட்டும் வேலைக்குப் போகிறானா என்று பாருங்கள். போகிறான் என்றால் முதலில் அங்கிருந்து விலக்குங்கள், பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

திருப்பத்தூர்: அம்மா வருடக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். நாளையே நிறுத்திவிடலாமா?

வேண்டாம். மதுவைப் போலவே இதையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்காகக் குறையுங்கள்.

இராணிப்பேட்டை: அண்ணனை ஆள் வைத்துத் தூக்கிப் போய் மூன்று மாதம் அடைத்து வைக்கும் இல்லம் இருக்கிறதாம். சங்கிலியில் கட்டுவார்களாம். வேறு வழி தெரியவில்லை.

உங்கள் களைப்பு புரிகிறது, ஆனாலும் அனுப்பாதீர்கள். குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாகவே கருதுகிறது; சங்கிலியால் கட்டுவதை அது வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. மருத்துவர் இல்லாத இல்லத்தில் மூன்றாம் நாள் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? நம் ஊரிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுங்கால வழக்கம். வரமாட்டேன் என்று அண்ணன் சொன்னால் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

சோளிங்கர், குடிப்பவரே எழுதியது: சிகிச்சை எடுத்து ஆறு மாதம் குடிக்காமல் இருந்தேன். ஒரு சாவுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டேன். இப்போது மறுபடி தினமும் காலையிலேயே குவார்ட்டர். மருத்துவமனைக்கு வர வெட்கமாக இருக்கிறது.

தம்பி, சர்க்கரை ஏறிவிட்டால் மருத்துவரைப் பார்க்க யாரும் வெட்கப்படுவதில்லை. ஆறு மாதம் விட்டிருந்தீர்கள் என்பது உங்கள் சிகிச்சைக்கு உதவும் தகவல். எது பலன் தந்தது, எங்கே சறுக்கியது என்று அதிலிருந்து தெரியும். எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்கிறது என்றால் உடல் மீண்டும் பழகிவிட்டது, ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளை காலை புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தையும் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தே அமையும். தெளிந்தபின் குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து எது பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். பழைய சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும்.