'இழைத்தல்' என்றால் என்ன? தச்சரும் இழைக்கிறார், துரோகியும் இழைக்கிறானே?

கேள்வியில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன: 'பலகையை இழைத்தார்', 'சந்தனம் இழைத்தார்', 'துரோகம் இழைத்தார்'. மூன்றிலும் வருவது ஒரே சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். வடிவத்தில் ஒன்றுதான். முதல் இரண்டும் கைவேலை, அதனால் பொருத்தம் எளிதில் தெரிந்துவிடும். மூன்றாவதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடலாம். இழைகிறது, இழைந்தது என்றால் தானாக உராய்வது, ஒட்டிக் கலப்பது. 'இருவரும் இழைந்து பழகுகிறார்கள்', 'குரல் சுருதியோடு இழைகிறது' என்பதெல்லாம் இந்த வகை. இழைக்கிறது, இழைத்தது என்றால் ஒருவர் ஒரு பொருளை உராயவைப்பது. இரண்டிலும் ஒரு பரப்பு இன்னொரு பரப்பை விட்டு விலகாமல் நகர்கிறது. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் 'செதுக்கு', 'கடை', 'தேய்' ஆகியவற்றிலிருந்து 'இழை' எங்கே பிரிகிறது என்பது புரியும்.

தச்சு வேலையையே எடுத்துக்கொள்வோம். உளியால் செதுக்கும்போது எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதைக் கை தீர்மானிக்கிறது. பலகையை மட்டமாகச் சீவும் கருவியான இழைப்புளியில் (இழைப்பு + உளி, புளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) அதைக் கருவியின் உடலான கட்டையின் தட்டையான அடி தீர்மானிக்கிறது. கட்டைக்குள் பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில் ஒரு தகடு இருக்கும். அதை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். அடியிலுள்ள வாய் வழியே தகட்டின் கூர் ஒரு மயிரிழை அளவுதான் வெளியே தெரிய வேண்டும். கூரைத் தீட்டும் கோணம் 25 முதல் 30 பாகை. அடிக்கட்டை மரத்தின்மேல் உட்கார்ந்தபடியே நகர்வதால் மேடு மட்டும் சீவப்படும், பள்ளத்தைத் தகடு தொடாது. 'இழைத்தல்' என்ற பெயர் இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துவது இதனால்தான். உப்புத்தாள் போடுவதைச் சிலர் இழைப்பது என்கிறார்கள். அது தேய்ப்பது. தாள் வளைந்துகொடுத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும், பலகை மட்டமாகாது.

இழைக்கும்போது கை அழுத்தம் இடம் மாற வேண்டும். பலகையின் தொடக்கத்தில் முன்கையில் அழுத்தம், நடுவில் இரு கையிலும், முடிவில் பின்கையில். இதை மாற்றாமல் தள்ளினால் பலகையின் இரண்டு முனையும் சரிந்து நடு மட்டும் உப்பி நிற்கும். தொடங்குமுன் பலகையின்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட்டால், எங்கே கோடு அழியவில்லையோ அங்கே பள்ளம் என்று தெரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் கெடுவது நாரோட்டத்தில்தான். மரத்தின் பக்கவாட்டைப் பார்த்தால் நார்கள் ஏதோ ஒரு திசையில் மேலேறிப் போவது தெரியும். ஏறும் திசையிலேயே தள்ளினால் சுருள் பட்டுத்துணி மாதிரி வரும். எதிர்த்திசையில் தள்ளினால் தகடு நாரை வெட்டுவதற்கு முன்பே, ஆப்பு அடித்ததுபோல நாரைப் பிளந்து தூக்கிவிடும். பரப்பு சிறு சிறு செதிலாகப் பெயர்ந்து குழி விழும். பலகையைத் திருப்பிப் போடுவதுதான் முதல் வைத்தியம். நார் இரு திசையிலும் மாறி மாறி ஓடும் மரமென்றால் கூரை நன்றாகத் தீட்டி, தகட்டை இன்னும் உள்ளிழுத்து, வாயின் இடைவெளியையும் குறைக்க வேண்டும். பலகையின் வெட்டுமுனையை, அதாவது நார்கள் குறுக்கே அறுபட்டு நிற்கும் முகத்தை, இழைக்கும்போது எதிர் மூலை தெறிக்கும் என்பதால் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். சுருளாக வராமல் தூளாக உதிர்ந்தால் பெரும்பாலும் கூர் மழுங்கிவிட்டது என்று பொருள். தகடு தடதடவென்று துள்ளினால் ஆப்பு தளர்ந்திருக்கும், அல்லது தகடு அளவுக்கு மேல் வெளியே வந்திருக்கும்.

சந்தனம் இழைப்பதிலும் அதே அசைவுதான், ஆனால் இங்கே கிடைக்க வேண்டியது விழுது. கட்டையின் வெட்டுமுனை கல்லில் படவேண்டும். பக்கவாட்டைத் தேய்த்தால் மெதுவாகத்தான் இறங்கும். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, வட்டமாகத் தேய்த்து, விழுது கெட்டியானால் இன்னொரு சொட்டு. தண்ணீர் கூடிவிட்டால் கட்டை வழுக்கும், விழுதும் நீர்த்துப்போகும். சுக்கை இழைத்துப் பற்றுப் போடுவதும் இப்படித்தான். 'அரைத்தல்' இதிலிருந்து வேறு. அரைக்கும்போது பொருள் முழுவதும் கல்லுக்கும் குழவிக்கும் இடையில் நசுங்கிவிடும். இழைத்தால் மேல்பூச்சு மட்டும் இறங்கும், கட்டை கையிலேயே மிஞ்சும். மருந்துச் சாமான்களை 'உரைத்தல்' என்பது ஏறக்குறைய இதே செயல். அதில் எந்தச் சொல் என்பது அவரவர் பேச்சு வழக்கு.

பொன்னிலும் மணியிலும் இன்னொரு பயன் உண்டு. 'முத்து இழைத்த பல்லக்கு', 'தந்தம் இழைத்த பெட்டி' என்றால் பதித்தது என்று பொருள். இப்போது பேச்சில் 'கல் பதித்த தோடு' என்றே சொல்கிறோம். 'இழை' என்ற பெயர்ச்சொல்லுக்கே ஆபரணம் என்ற பொருளும் இருந்தது. 'ஆயிழை', 'சேயிழை' என்று பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொற்களில் வருவது நூல் அல்ல, நகை.

நூல் என்ற பொருள்தான் இன்று ஓங்கி நிற்கிறது. நூலிழை, ஒளியிழை, மின்விளக்கின் டங்ஸ்டன் இழை, உயிரியலில் இழைமணி எல்லாம் அதன் வழி வந்தவை. துணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நெய்த துணியை நேராக வெட்ட வேண்டுமானால் ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து மெல்ல உருவுங்கள். துணியில் மெல்லிய வெற்றுக்கோடு விழும், அதன்மேல் வெட்டினால் கோணாது. இழை நடுவில் அறுந்தால் அதுவரை வெட்டிவிட்டு, அறுந்த முனையைப் பிடித்துத் தொடரலாம். ஊசியில் நூலைக் கோத்து மேலும் கீழுமாக ஓடவிடுவது 'இழையோட்டுதல்'. 'எழுத்தில் சோகம் இழையோடுகிறது' என்று விமர்சகர்கள் எழுதுவது இங்கிருந்து வந்ததுதான். அங்கங்கே மேலே தெரிந்து மறுபடி உள்ளே மறையும் ஒன்றுக்கு மட்டும் அது பொருந்தும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அழுகிற கதைக்குச் சோகம் இழையோடுகிறது என்று எழுதுவது தவறான உவமை.

இனி துரோகம். 'இழைத்தல்' என்பதற்குச் செய்தல், உண்டாக்குதல் என்ற பொதுப்பொருள் பழைய வழக்கிலேயே உண்டு. தலைவனைப் பிரிந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் சுழித்து, முனைகள் சேர்ந்தால் அவன் வருவான் என்று குறி பார்ப்பதைக் 'கூடல் இழைத்தல்' என்றார்கள். அதில் கெட்ட வாடையே இல்லை. இன்றைய உரைநடையிலோ அந்தப் பொதுப்பொருள் சுருங்கி, தீமையோடு மட்டுமே சேர்கிறது: தீங்கு, அநீதி, கொடுமை, துரோகம், தவறு. 'உதவி இழைத்தார்', 'நன்மை இழைத்தார்' என்று எழுதினால் காது உடனே மறுக்கும். ஆகவே 'செய்தார்' என்பதற்கு மாற்றாக அழகுக்காக இதைப் போடாதீர்கள்.

எழுத்துப்பிழை ஒன்றும் அடிக்கடி கண்ணில் படுகிறது. உடம்பு மெலிவது, மூச்சு வாங்குவது எல்லாம் 'இளைத்தல்'. 'ஆள் இழைத்துவிட்டார்' என்று எழுதினால் யாரோ அவர்மேல் இழைப்புளி ஓட்டிவிட்டதாக ஆகிவிடும்.