அடுப்படிக் கேள்விகள்

கேள்வி: சீனாக்காரர்கள் மாவைக் கையாலேயே இழுத்து நூடுல்ஸ் செய்வதைப் பார்த்து ஆசைப்பட்டு மூன்று முறை செய்துவிட்டேன். இழுத்தால் ரப்பர் மாதிரி சுருங்குகிறது, விடாமல் இழுத்தால் அறுந்துபோகிறது. மைதா சரியில்லையா? பேசாமல் சேவை நாழியில் பிழிந்துவிடலாமா?
(ஒரு வாசகி, பெருந்துறை)

பதில்: மைதாவைக் குறை சொல்லாதீங்க அம்மணி. மாவு ஊறவில்லை, அவ்வளவுதான். நானும் முதல் தடவை பிசைந்து பத்தே நிமிடத்தில் இழுத்து, அத்தனையும் துண்டு துண்டாகப் போனது.

உங்கள் ஊர் புரோட்டா மாஸ்டரைக் கவனித்திருப்பீர்கள். பிசைந்து உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி மணிக்கணக்கில் ஊறப்போட்ட பிறகுதான் வீசுவார். கோதுமை மாவைப் பிசையப் பிசைய அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் முறுக்கேறிக்கொள்ளும். அந்த முறுக்குத் தளர நேரம் வேண்டும். அரிசியில் இந்த குளூட்டன் கிடையாது, இழுக்க வராது. அதனால்தான் சந்தகைக்கு வேகவைத்துச் சூட்டோடு பிழிகிறோம். நாழி அதற்கே இருக்கட்டும்.

300 கிராம் மைதா, அரை ஸ்பூன் உப்பு, 150 மில்லி தண்ணீர். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி பிசைந்து, சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக உருட்டுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் முறுக்குச் சுற்றுவதுபோல் சுற்றி, மேலேயும் எண்ணெய் தடவி, மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. எழும்பி வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் ஒரு முழம் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, நடுப்பகுதியை மேடையில் பட் பட்டென்று அடித்துக்கொண்டே கையை விரியுங்கள். தானாக நீளும். வடமேற்குச் சீனாவில் சின்ஜியாங் பக்கத்து லக்மன் நூடுல்ஸ் இப்படித்தான் செய்கிறார்கள்.

நீங்கள் பார்த்தது லான்சோ நகரத்து முறையாக இருக்கும். மாவை இரண்டாக மடித்து மடித்து இழுப்பார்கள். ஏழு மடிப்பில் 128 இழை, எட்டாவதில் 256. அந்த மாவில் பாரம்பரியமாக ஒரு செடியைச் சுட்ட சாம்பல் காரம் (மிளகாய்க் காரமல்ல, சோடா உப்பு மாதிரியான காரம்) சேர்ப்பார்கள். மாவுக்கு வலுவும் இளமஞ்சள் நிறமும் அதனால்தான். அது வருடக்கணக்கில் பழகிய கைக்கு வருவது, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஒன்று முக்கியம். இழுத்ததைத் தட்டில் சேர்த்து வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே இழுக்க ஆரம்பியுங்கள். இழுத்த கையோடு உள்ளே போட்டு, மிதந்து வந்ததும் ஒரு நிமிடம் விட்டு அள்ளுங்கள். லான்சோவில் மாட்டெலும்புச் சாற்றில் வெள்ளை முள்ளங்கி வில்லையோடு பரிமாறுவார்கள். எங்கள் வீட்டில் வெள்ளாட்டு எலும்புச் சாறு. முள்ளங்கியும் கொத்தமல்லியும் மட்டும் விடாமல் போடுங்கள்.