வீட்டுப் பத்திரத்தை வைத்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படிக்கிறான். சிஜிபிஏ 7.6. இரண்டு அரியர் இருந்தது, எழுதி முடித்துவிட்டான். மேற்படிப்பு வெளிநாட்டில்தான் என்று உறுதியாக இருக்கிறான். ஒரு கன்சல்டன்சியில் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புக்கு உடனே இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி, முன்பணம் கட்ட இந்த மாத இறுதிவரை கெடு கொடுத்திருக்கிறார்கள். டல்லஸில் இருக்கும் என் நாத்தனார் அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்கிறார். மகனின் நண்பர்கள் ஜெர்மனி என்கிறார்கள். என் கணவர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வூதியமும் என் தையல் வருமானமும்தான் எங்களுக்கு. வீட்டுப் பத்திரத்தை வைத்தால் 45 லட்சம் வரை கிடைக்கும் என்று வங்கியில் சொல்கிறார்கள். எந்த நாட்டுப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம்? பத்திரத்தை வைக்கலாமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புக்காகப் பத்திரத்தை வைக்காதீர்கள். முன்பணமும் கட்டாதீர்கள். மாத இறுதிக் கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த ஆண்டு இடம் தரும் படிப்பு பெரும்பாலும் அடுத்த ஆண்டும் இடம் தரும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். 45 லட்சம் ரூபாய்க்கு 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் எடுத்த பிறகு வட்டி மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வட்டியைச் சேர்க்காமலே, பத்தாண்டுகளில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 62,000 ரூபாய். உங்கள் மகன் படித்து முடித்து, அங்கே வேலை அமையாமல் திரும்பி வந்து, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ 50,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தாலும் முழுச் சம்பளமும் தவணைக்குப் போதாது. மீதியை உங்கள் கணவரின் ஓய்வூதியத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

என்னிடம் வரும் பெற்றோர் எல்லாரிடமும் நான் வைக்கும் நிபந்தனை இது ஒன்றுதான்: மகனோ மகளோ சென்னைக்கே திரும்பி வந்தாலும் அடைக்கக்கூடிய கடனாக இருக்க வேண்டும். டாலரிலும் பவுண்டிலும் சம்பளம் வந்தால் அடைத்துவிடலாம் என்று போடும் கணக்கில், அந்தச் சம்பளம் வரும் என்பதற்கு எந்த நாட்டு அரசும் பொறுப்பேற்பதில்லை. 50,000 ரூபாய் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணைக்கு ஒதுக்கினால் 12 லட்சம் கடனைத் தாங்கலாம். சற்று இறுக்கிப் பிடித்தால் 15 லட்சம். அதற்குத் தவணை 20,700 ரூபாய் அளவில் வரும். இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நாடுகளைப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

'எந்த நாட்டுப் பட்டத்துக்கு மதிப்பு' என்று கேட்கிறீர்கள். ஒரு நாட்டில் படிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள், எப்படித் தேர்வு வைக்கிறார்கள், படித்து முடித்த பின் வேலை தேட எவ்வளவு காலம் தங்கவிடுகிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் அந்தப் பட்டம் உங்கள் மகனுக்கு உதவும். தரவரிசைப் பட்டியல் இதைச் சொல்லாது. க்யூ.எஸ். பட்டியலில் 30 சதவீதம் பேராசிரியர்களிடம் கேட்கும் நற்பெயர்க் கணிப்பு. 20 சதவீதம் ஆய்வுக் கட்டுரைகள் பெறும் மேற்கோள்கள். தொழிற்சாலைகளோடு கைகோத்து நடக்கும் செயல்முறைப் பல்கலைக்கழகங்களான ஜெர்மன் ஹோக்‌ஷூலேக்கள் பல அந்தப் பட்டியலில் தென்படவே மாட்டா. மெக்கானிக்கல் மாணவருக்கு அவை மிக நல்ல இடங்கள்.

இங்கிலாந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தை நம்பித்தான் அங்கே பல பல்கலைக்கழகங்கள் வரவு செலவை நடத்துகின்றன. கன்சல்டன்சிகளுக்கு அவை கமிஷன் தருவதும் அதனால்தான். கல்வித் தரத்தை நான் குறை சொல்லவில்லை. சிக்கல் அந்த ஓராண்டில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இளம் பட்டதாரிகளை எடுப்பதற்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திறக்கின்றன. உங்கள் மகன் அப்போதுதான் பெட்டியோடு போய் இறங்கி அறை தேடிக்கொண்டிருப்பார். படிப்பு முடிந்த பின் தங்கி வேலை தேட இதுவரை இரண்டு ஆண்டுகள் அனுமதித்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். அதற்குப் பிறகும் தங்க, நிறுவனம் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட். இளம் பட்டதாரிகளுக்குச் சற்றுக் குறைவு என்றாலும், புதிதாக வரும் மெக்கானிக்கல் பட்டதாரிக்கு அதுவும் எளிதல்ல.

இன்னொன்றையும் கன்சல்டன்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்க ஒப்பந்தம் செய்தன. ஓராண்டு முதுகலையும் அதில் அடங்கும். ஆனால் பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. தனியார் நிறுவன வேலைக்கு இது தடையல்ல. பின்னாளில் இங்கே கல்லூரி ஆசிரியர் பணிக்கோ அரசுப் பணிக்கோ போக நினைத்தால், அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் சமநிலைச் சான்று கேட்பார்கள், அப்போது இந்த விலக்கு குறுக்கே நிற்கும்.

அமெரிக்காவைப் பற்றி உங்கள் நாத்தனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படிக்கும் முறை அருமையானது. வாராவாரம் ஒப்படைப்பு, இடைத்தேர்வு, பேராசிரியரின் அறைக்கே சென்று சந்தேகம் கேட்கும் வாய்ப்பு, முதலாண்டு முடிந்ததும் நிறுவனத்தில் பயிற்சி என்று மாணவரைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். படிப்புக்குப் பின் 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம் என மூன்றாண்டுகள் வேலை பார்க்கலாம். இந்தக் காலத்துக்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் பட்டியலில் பெயர் வர வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் போட்டியிடும் எண்ணிக்கை இது.

மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. விமானம், விண்வெளி, பாதுகாப்புத் துறை சார்ந்த வேலைகளில் பெரும்பகுதியை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் காரணமாக அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டுமே கொடுக்கிறார்கள். மென்பொருள் படிக்கும் மாணவருக்கு இந்தக் கதவு பெரிய விஷயமல்ல. உங்கள் மகனுக்கு நல்ல வேலைகள் பல அதன் பின்னால்தான் இருக்கின்றன. நாத்தனார் சென்ற காலத்து நிலவரத்தை வைத்து இன்று முடிவெடுக்க வேண்டாம். 45 லட்சக் கடனில் போவதற்கு இது மிகவும் நிச்சயமற்ற பாதை.

ஜெர்மனிதான் உங்கள் வரவுக்குப் பொருந்தும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களை மாநில அரசுகள் வரிப்பணத்தில் நடத்துகின்றன. பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோக்கள் பங்களிப்புத் தொகை மட்டும். விலக்குகள் உண்டு: ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கட்டணம் இல்லை. மற்றபடி, முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோவாக அது மகன் கைக்கே திரும்பி வரும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். நான் மேலே சொன்ன கடன் வரம்புக்குள் வருகிறது, கவனியுங்கள். இரண்டாம் ஆண்டுச் செலவுக்கு, ஆண்டில் 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. துறை சார்ந்த பகுதிநேர வேலை கிடைத்தால் செலவில் நல்ல பகுதியை அதிலேயே சமாளிக்கலாம். முடித்த பின் 18 மாதம் வேலை தேடத் தங்கலாம்.

ஆனால் 'இலவசம்' என்று கேட்டதும் கிளம்பிவிடக் கூடாது. அங்குள்ள தேர்வு முறையை உங்கள் மகன் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை, இன்டர்னல் மதிப்பெண் என்று தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் வரும் ஒரே தேர்வுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. இங்கே அரியர் வைத்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பு நம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. அங்கே பொதுவாக மூன்று வாய்ப்புகள்தான். ஒரு கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. மாணவர் விசாவும் ஆட்டம் காணும். இரண்டு அரியர் வைத்து எழுதி முடித்தவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த இரண்டு பாடங்கள் எவை, ஏன் தவறின என்று அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தெர்மோடைனமிக்ஸ், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள் என்றால், போவதற்கு முன்பே அவற்றை மீண்டும் படித்தாக வேண்டும்.

சிஜிபிஏ 7.6ஐ ஜெர்மன் அளவுகோலுக்கு மாற்றினால், தேர்ச்சி வரம்பை 5 என்று எடுத்துக்கொண்டு, சுமார் 2.4 வரும். அங்கே 1.0தான் உச்சம். பல படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன, ஆகவே நூலிழையில் உள்ளே இருக்கிறார். மிச்சமிருக்கும் செமஸ்டரில் மதிப்பெண் குறைய விடக்கூடாது.

மொழியும் முக்கியம். ஆங்கிலத்தில் படிப்பு நடத்துகிறார்கள், தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் பேச மாட்டார்கள். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சியாவது இல்லாமல் மெக்கானிக்கல் வேலை கிடைப்பது அரிது. கார் துறை அங்கே இப்போது சுருங்கியும் வருகிறது; ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. இந்த நிலையில் மொழி தெரியாதவரை யார் எடுப்பார்கள்?

ஜெர்மனி என்றதும் கன்சல்டன்சிக்காரர்கள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரை நீட்டக்கூடும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை என்பதால் அவற்றைச் சொல்ல அவர்களுக்கு ஆர்வம் இருக்காது. கல்விக் கட்டணமே பல லட்சம் என்று சொன்னால் அது நீங்கள் தேடும் ஜெர்மனி அல்ல. விண்ணப்பத்தை மகனே நேரடியாகப் போடலாம். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்ட, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கும் அவரே விண்ணப்பிக்க முடியும்.

நம் ஊரிலேயே இருக்கும் வழியையும் மகன் எடைபோட வேண்டும். கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். கடனே வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. சேர சீட்டா தேர்வு இருக்கிறது. கடினமான போட்டிதான். ஆனாலும் கிண்டியில் படிப்பதைத் தோல்வி என்று நினைக்கும் மனப்பான்மை நம் வீடுகளில் வளர்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியின் பட்டத்தை வைத்து உலகெங்கும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் யோசனை இது. படிப்பு முடிந்ததும் ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு இங்கேயே வேலைக்குப் போகட்டும். ஒரகடத்தில் டெய்ம்லர், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ என்று ஜெர்மன் ஆலைகளே நம் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே இல்லாவிட்டாலும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்களில் முயலலாம். அந்த அனுபவம் ஜெர்மனியில் பகுதிநேர வேலை தேடும்போது நேரடியாகக் கைகொடுக்கும், சேமிப்பும் சேரும். மாலையில் நுங்கம்பாக்கம் மாக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கட்டும். பி1 முடிந்த பிறகு விண்ணப்பிக்கலாம். குளிர்கால செமஸ்டருக்குப் பல படிப்புகள் ஜூலை 15 வரை விண்ணப்பம் வாங்குகின்றன, சில அதற்கு வெகு முன்பே மூடிவிடும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கியில் 15 லட்சத்துக்குக் கல்விக் கடனாகவே கேளுங்கள். வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். வீட்டைத் தவிர வைப்புநிதி, காப்பீட்டுப் பத்திரம் போன்றவற்றை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். வீட்டையே கேட்டாலும் 15 லட்சத்துக்கு வைப்பதும் 45 லட்சத்துக்கு வைப்பதும் ஒன்றல்ல, ஆகவே பயப்பட வேண்டாம். படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்; 15 லட்சத்துக்கு அது 13,750 ரூபாய். மகன் வேலை பார்த்துச் சேமிப்பதில் ஒரு பங்கை இதற்கென்று தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.