லினக்ஸில் ஆடியோ, வீடியோ: "இந்தக் கோப்பு ஓடவில்லை" என்று கேட்டவர்களுக்கு

லினக்ஸுக்கு மாறியவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. மற்ற எல்லாம் வேலை செய்யும், ஒரு வீடியோ மட்டும் ஓடாது. 2007 முதல் வீட்டில் கட்டற்ற இயங்குதளம் மட்டுமே வைத்திருக்கிறேன் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டு, மற்றவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நேற்றுதான் உபுண்டு நிறுவினேன். கேமராவில் எடுத்த எம்பி4 வீடியோவைத் திறந்தால் "எச்.264 டிகோடர் தேவை" என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. கணினி பழசு என்பதாலா?

இல்லை தம்பி, கணினிக்கு ஒன்றும் இல்லை. அந்த வீடியோ வடிவத்தைப் படிக்கும் நிரல் (டிகோடர்) இன்னும் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். உபுண்டு நிறுவும்போது, கூடுதல் மீடியா வடிவங்களுக்கான ஆதரவும் வேண்டுமா என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி வந்திருக்கும். அதில் டிக் போடாமல் கடந்திருப்பீர்கள். இப்போது 'உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறுவல் பாதியில் இருக்கும்போது டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) முழுக்க ஓர் உரிம ஒப்பந்தம் வந்து நிற்கும். கீழே 'ஓகே' தெரியும், ஆனால் மவுஸுக்கு அது அசையாது. டேப் விசையை அழுத்தி ஓகே மேல் வந்து என்டர் தட்டுங்கள், அடுத்த திரையில் 'எஸ்' கொடுங்கள். அந்த ஒப்பந்தம் வீடியோவுக்கானதே அல்ல, கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கானது. இது தெரியாமல் டெர்மினலை மூடிவிட்டு, அதன் பிறகு எந்த மென்பொருளையும் நிறுவ முடியாமல் தவிப்பவர்கள் நிறைய. அப்படி ஆகியிருந்தால் 'டிபிகேஜி' கட்டளையை 'கன்ஃபிகர்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கேள்வி: என்னிடம் பத்துப் பன்னிரண்டு எம்கேவி கோப்புகள் இருக்கின்றன. எட்டு ஓடுகின்றன, மீதி ஓடவில்லை. எல்லாமே எம்கேவிதானே, இது எப்படி?

நல்ல கேள்வி. இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

எம்கேவி, எம்பி4, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் வெறும் உறைகள். தபால் உறையைப் பார்த்து உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது இல்லையா? அதே கதைதான். உறைக்குள் படம் ஒரு மொழியிலும் ஒலி இன்னொரு மொழியிலும் இருக்கும். அந்த மொழிகளைத்தான் கோடெக் என்கிறோம். எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை படத்துக்கு. ஏஏசி, எம்பி3, ஓபஸ், ஏசி3 ஆகியவை ஒலிக்கு. உங்களுடைய எட்டுக் கோப்புகளில் கணினிக்குத் தெரிந்த மொழி இருக்கிறது, மீதியில் இல்லை. படம் ஓடி ஒலி மட்டும் வராமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே "எம்கேவி ஓடவில்லை" என்று தேடாதீர்கள், ஆயிரம் தவறான பதில்கள் கிடைக்கும். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு ஜே அழுத்தினால் கோடெக் பெயர்கள் தெரியும். 'மீடியாஇன்ஃபோ' என்ற சிறு கருவி இன்னும் விரிவாகச் சொல்லும். அந்தப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

கேள்வி: விஎல்சியில் ஓடுகிற அதே கோப்பு, கணினியோடு வந்த வீடியோ பிளேயரில் ஓடுவதில்லையே?

இரண்டும் வெவ்வேறு இயந்திரங்கள். விஎல்சி, எம்பிவி ஆகிய பிளேயர்கள் இரண்டும், கோடெக்குகளைப் படிக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற திட்டத்தின் நூலகங்களை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. கணினியோடு வந்த நோம் டெஸ்க்டாப்பின் பிளேயர் ஜிஸ்ட்ரீமர் என்ற வேறொரு மீடியா கட்டமைப்பின் வழியாகப் போகிறது. ஜிஸ்ட்ரீமரின் செருகுநிரல்கள் குட், பேட், அக்லி என்று பிரிக்கப்பட்டிருக்கும். தரமும் உரிமமும் சரியாக உள்ளவை 'குட்'. தரம் நன்றாக இருந்தாலும் பேட்டன்ட் போன்ற சிக்கல் உள்ளவை 'அக்லி'. இன்னும் போதுமான அளவு சோதிக்கப்படாதவை 'பேட்'. இவற்றோடு ஜிஸ்ட்ரீமருக்கான 'லிப்ஏவி' செருகுநிரலையும் போட்டுவிட்டால் எஃப்எஃப்எம்பெக்கின் திறமை முழுவதும் அந்த பிளேயருக்கும் வந்துவிடும்.

கேள்வி: ஃபெடோராவில் எம்பி3 உடனே பாடுகிறது, எச்.264 வீடியோ மட்டும் தகராறு செய்கிறது. உபுண்டுவைவிட ஃபெடோராவில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஃபெடோராவுக்குப் பின்னால் இருக்கும் ரெட் ஹேட் ஓர் அமெரிக்க நிறுவனம். அங்கே மென்பொருள் பேட்டன்ட்கள் செல்லும், வழக்கும் போடுவார்கள். எனவே பேட்டன்ட் உயிரோடு இருக்கும் எதையும் தங்கள் பெயரில் வினியோகிப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறார்கள். எரிச்சலாக இருந்தாலும் இதை நான் மதிக்கிறேன். எந்தக் கோடெக்கில் சட்டச் சிக்கல் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, ஃபெடோரா எதை உள்ளே விடுகிறது என்று பார்த்தாலே போதும்.

எம்பி3 கதையைப் பாருங்கள். பல ஆண்டுகள் ஃபெடோராவில் எம்பி3 கிடையாது. 2016 இறுதியில் கேட்கும் வசதி வந்தது. 2017 ஏப்ரலில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் எம்பி3 உரிமத் திட்டமே முடிவுக்கு வந்ததும், எம்பி3 உருவாக்கும் வசதியும் சேர்ந்தது. தொழில்நுட்பத்தில் ஒரு மாற்றமும் இல்லை, பேட்டன்ட்களின் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். எச்.264 வந்தது 2003-இல். அதன் பேட்டன்ட்கள் பல காலாவதியாகிவிட்டாலும் எல்லாம் இன்னும் ஆகவில்லை. இடைப்பட்ட ஏற்பாடாக சிஸ்கோ நிறுவனம் ஓப்பன்எச்264 என்ற ஒன்றைத் தருகிறது. மூலநிரல் திறந்தது, ஆயத்த நிரலைத் தானே வினியோகித்து உரிமக் கட்டணத்தையும் சிஸ்கோவே கட்டுகிறது. ஃபெடோராவில் அதற்கென்று தனிக் களஞ்சியம் (மென்பொருள் தொகுப்புகளை இறக்கும் இடம்) உண்டு. ஆனால் எல்லா வகை எச்.264 கோப்புகளையும் அது சமாளிப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேருங்கள். பிறகு ஃபெடோராவின் 'எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ' தொகுப்பை எடுத்துவிட்டு அங்கே உள்ள முழு 'எஃப்எஃப்எம்பெக்'கை வையுங்கள். ஃபெடோராவில் மென்பொருள் நிறுவும் கருவியான டிஎன்எஃப்-இல் 'ஸ்வாப்' கட்டளை இதை ஒரே அடியில் செய்யும். ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் இன்னொரு படி உண்டு. 2022-இல் ஃபெடோரா தன் மெசா கிராஃபிக்ஸ் டிரைவர்களிலிருந்து, எச்.264, எச்.265 வீடியோவைக் கிராஃபிக்ஸ் சில்லே படிக்கும் வசதியை எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷனில் 'ஃப்ரீவேர்ல்ட்' என்று முடியும் மெசா தொகுப்பு அதைத் திருப்பித் தரும்.

ஓப்பன்சூசே பயன்படுத்துபவர்களுக்கு இதே வேலையை பேக்மேன் களஞ்சியம் செய்கிறது. ஆர்ச்சில் முழு எஃப்எஃப்எம்பெக் ஏற்கெனவே இருக்கிறது. டெபியனிலும் அதன் சொந்தக் களஞ்சியமே அநேகமாகப் போதும்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு வேறுபடும், நான் வழக்கறிஞரும் அல்ல. ஆனால் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒன்று சொல்லலாம். எஃப்எஃப்எம்பெக் திருட்டு மென்பொருள் அல்ல, யாருடைய நிரலையும் நகலெடுத்தது அல்ல. கேள்வி பேட்டன்ட் பற்றியது, மென்பொருள் பேட்டன்ட்டை ஏற்காத நாடுகளில் அந்தக் கேள்வியே எழாது. டிவிடி, ப்ளூரே போன்றவற்றின் பூட்டைத் திறப்பது வேறு விஷயம். அதற்கு அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ போல் தனிச் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு.

கேள்வி: சொந்தமாக வாங்கிய டிவிடிகளே ஓட மாட்டேன் என்கின்றன மேடம். பட்டியல் தெரிகிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

சிஎஸ்எஸ் என்ற பூட்டுதான் காரணம். டெபியன், உபுண்டுவில் 'லிப்டிவிடி-பிகேஜி' தொகுப்பை நிறுவி, பிறகு 'டிபிகேஜி-ரீகன்ஃபிகர்' கட்டளையால் அதையே ஒருமுறை ஓட்டுங்கள். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டுத்தான் பலர் "நிறுவியும் ஓடவில்லை" என்கிறார்கள். விஎல்சி குழுவின் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகத்தை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டுவது அந்தப் படிதான்.

இந்தப் பூட்டின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1999-இல் இதைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் நிரல் வெளியானபோது, அதில் பங்கிருந்த நார்வே இளைஞர் ஜான் லெக் ஜொஹான்சனுக்கு வயது 15. அவர் மீது வழக்குப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய படத்தைப் பார்ப்பது குற்றமாகாது என்று 2003-இல் அங்குள்ள நீதிமன்றங்கள் அவரை விடுவித்தன. இன்று லினக்ஸில் டிவிடி போடும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

டிரைவின் ரீஜியன் எண்ணை (எந்தப் பகுதிக்கான டிவிடி ஓடும் என்பதைக் குறிப்பது) மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். மொத்தம் 5 முறைதான் மாற்ற முடியும்.

கேள்வி: என் அப்பா சேர்த்து வைத்த பழைய உரைகள் டபிள்யூஎம்ஏ, ரியல்மீடியா வடிவங்களில் இருக்கின்றன. 'டபிள்யூ32கோடெக்ஸ்' போடச் சொல்லி ஒரு குறிப்பு படித்தேன், அது எங்குமே கிடைக்கவில்லை.

கிடைக்காதது நல்லது, தேட வேண்டாம். அது விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளை அப்படியே லினக்ஸ் பிளேயருக்குள் இழுத்து ஓட்டிய காலத்தின் குறிப்பு. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன், வேறு வழி இருக்கவில்லை. 32 பிட் நிரல்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எஃப்எஃப்எம்பெக்கை 2000-இல் ஃபாப்ரிஸ் பெலார் தொடங்கினார். அதன் பிறகு எத்தனையோ பேர் கையேடு ஏதும் இல்லாமல், பைட் பைட்டாகப் பார்த்து இந்த மூடிய வடிவங்களைப் படித்தெடுத்தார்கள். ரியல்வீடியோவின் கடைசிப் பதிப்புகள், டபிள்யூஎம்ஏ, டபிள்யூஎம்வி எல்லாம் அப்படித்தான் நம் கைக்கு வந்தன. அப்பாவின் கோப்புகளை எம்பிவியில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் நேராகவே பாடும்.

ஏதாவது ஒன்று ஓடாமல் அடம்பிடித்தால் அது பூட்டப்பட்ட கோப்பாக இருக்கலாம். லினக்ஸுக்கு வருவதற்கு முன் நானும் இணையக் கடை ஒன்றில் காசு கொடுத்து டபிள்யூஎம்ஏ பாடல்கள் வாங்கினேன். கடை மூடப்பட்டது, உரிமத்தைப் புதுப்பிக்க வழி போயிற்று, பாடல்கள் வட்டில் கிடந்தும் ஊமையாகிவிட்டன. விண்டோஸிலும்தான். கோடெக் தெரியாவிட்டால் இன்றில்லை என்றாலும் நாளை யாராவது படித்தெடுப்பார்கள். சாவி இல்லாத பூட்டுக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் படம் பார்க்கும் இணையச் சேவைகள்? லினக்ஸில் தரம் குறைவாகவே வருகிறது.

இதற்கு எந்தத் தொகுப்பும் மருந்தல்ல, உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அவை வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்பில் டிஆர்எம் (இப்படிப் பூட்டிய) உள்ளடக்கத்தை அனுமதித்தால் ஓடும். ஆனால் லினக்ஸ் கணினியில் அது மென்பொருள் அளவிலான பாதுகாப்போடுதான் இயங்கும், உயர்தரப் படத்துக்குப் பல சேவைகள் வன்பொருள் அளவிலான பாதுகாப்பைக் கேட்கின்றன. உங்கள் கணினிக்குத் திறமை இருந்தும், முடிவு அவர்கள் கையில்.

கேள்வி: 4கே எச்.265 வீடியோ ஓட்டினால் மடிக்கணினி கொதிக்கிறது, படம் தடுக்கித் தடுக்கிப் போகிறது.

கோடெக் இருக்கிறது, ஆனால் எல்லா வேலையையும் சிபியு செய்கிறது. 'விஏஇன்ஃபோ' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் எச்இவிசி (எச்.265-இன் இன்னொரு பெயர்) இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் குறைகிறது, அல்லது அந்தச் சில்லுக்கே அந்தத் திறன் இல்லை. 10 பிட் வீடியோ என்றால் 'மெயின்10' என்ற வரியும் இருக்க வேண்டும். இன்டெலில் புதிய 'மீடியா டிரைவர்', ஏஎம்டியில் மெசா, என்விடியாவில் அவர்களுடைய சொந்த டிரைவர். எல்லாம் இருந்தும் சூடானால், எம்பிவியில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோலோடு எச் அழுத்துங்கள், வன்பொருள் உதவி இயங்கும். ஐ அழுத்தினால் அது உண்மையிலேயே இயங்குகிறதா என்று திரையிலேயே தெரியும்.

கேள்வி: நானே பதிவு செய்பவற்றை எந்த வடிவத்தில் வைப்பது?

ஒலிக்கு, மூலப் பிரதியை ஃபிளாக்கில் வையுங்கள், ஒரு பிட்கூட இழக்காது. பகிர்வதற்கு ஓபஸ். 2012-இல் திறந்த தரமாக வெளிவந்தது, குறைந்த பிட்ரேட்டில் எம்பி3-யைவிடத் தெளிவாக இருக்கும். வீடியோவுக்கு ஏவி1. 2018-இல் வந்தது, உரிமக் கட்டணம் இல்லாமல் யாரும் பயன்படுத்தவே உருவாக்கப்பட்டது. சுருக்க நேரம் அதிகம் எடுக்கும், பழைய கணினி என்றால் விபி9 போதும். நாம் உருவாக்குவதைத் திறக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் ஏற்கெனவே எச்.264-இல் இருப்பதை ஏவி1-க்கு மாற்றி உட்காராதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் போகும். உறை மட்டும் பிடிக்கவில்லை என்றால், எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' விருப்பத்தோடு உறையை மட்டும் மாற்றலாம். சில நொடி வேலை, தரம் அப்படியே இருக்கும்.

கேள்வி: அக்கா, என் தாத்தாவின் குரல் பழைய போனில் பதிந்த ஒரு ஏஎம்ஆர் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. பிரவுசரில் இழுத்துப் போட்டால் திறக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதா?

கெட்டிருக்காது, பயப்படாதீர்கள். ஏஎம்ஆர் கைபேசி உரையாடலுக்காகவே செய்யப்பட்ட கோடெக், பிரவுசர்களுக்கு அது தெரியாது. விஎல்சி அல்லது எம்பிவியில் திறங்கள், எஃப்எஃப்எம்பெக் இதைப் படிக்கும். வினாடிக்கு 8000 மாதிரிகள் மட்டுமே எடுத்த பதிவு என்பதால் குரல் கொஞ்சம் மூடியது போலத்தான் இருக்கும், எதற்கு மாற்றினாலும் அது தெளிவாகாது. வீட்டில் எல்லோரும் கேட்க ஒரு பிரதியை ஓபஸாக்கிக் கொடுங்கள். மூலக் கோப்பைப் பெயர்கூட மாற்றாமல் இரண்டு தனித்தனி வட்டுகளில் இன்றே நகலெடுத்து வையுங்கள். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால், டெர்மினலில் எம்பிவி காட்டும் பிழைச் செய்தியை அப்படியே எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.